ஒரே ஒரு கடிகாரம்: தனிப்பட்டறை ஒன்று அறக்கொடை ஏலத்துக்கு அளித்த படைப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப்பகுதியில் இயங்கும் சிறு கடிகாரப் பட்டறை ஒன்று, ஜெனீவாவில் நடந்த அறக்கொடை ஏலத்துக்குக் கையால் செய்த கைக்கடிகாரம் ஒன்றைக் கொடுத்தது. அழைப்புக் கடிதம் வந்தது முதல், ஏலத்தில் கிடைத்த பணம் எங்கே போனது என்ற கணக்கறிக்கை கைக்கு வந்தது வரை நடந்தவற்றை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. பட்டறைக்கும் ஏற்பாட்டுக் குழுவுக்கும் இடையே ஒப்பந்த எழுத்துப் பணிகளைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்ததால், இரு தரப்பின் கடிதங்களையும் பார்க்க முடிந்தது. பட்டறை, ஏல நிறுவனம், அறக்கட்டளை ஆகியவற்றின் பெயர்களும் சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களும் அவர்களது விருப்பப்படி தவிர்க்கப்பட்டுள்ளன. பொதுவெளியில் பதிவான ஏலங்களைப் பற்றிய செய்திகள் மட்டும் பெயரோடு தரப்பட்டுள்ளன.

பின்னணி

பெரிய நிறுவனங்களின் நிழலில் இல்லாமல், தம் பெயரிலேயே கடிகாரம் செய்து விற்கும் கைவினைஞர்கள் சுவிட்சர்லாந்திலும் பிற நாடுகளிலும் நெடுங்காலமாக இருந்து வருகிறார்கள். 1985-ஆம் ஆண்டில் ஸ்வெண்ட் ஆண்டர்சன், வின்சென்ட் கலாப்ரேசே ஆகிய இருவரும் இத்தகையவர்களுக்காகவே ஏ.எச்.சி.ஐ. என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். மின்கலத்தில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்கள் சந்தையைப் பிடித்து, சாவி கொடுக்கும் கடிகாரங்களுக்கு இனி எதிர்காலம் உண்டா என்ற ஐயம் நிலவிய காலம் அது. இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. பெயர் பெற்ற தனிப்பட்டறைகள் பலவற்றில் ஒரு கடிகாரத்துக்குச் சொல்லி வைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இங்கே பேசப்படும் பட்டறையில் இரண்டு பேர் மட்டுமே கடிகாரம் செய்கிறார்கள். ஒருவர் அறுபதைத் தாண்டிய மூத்த கைவினைஞர். மற்றவர் அவரிடம் தொழில் கற்று, பின்னர் கூட்டாளியாகச் சேர்ந்த இளைய கைவினைஞர், பெண். டயலுக்கு எனாமல் பூசுபவர், உறை செய்பவர், செதுக்கு வேலை செய்பவர் ஆகிய மூவரும் வெளியே தத்தம் பட்டறைகளில் இருந்து இவர்களுக்கு வேலை செய்து தருகிறார்கள். ஆண்டுக்குப் பத்து அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட கடிகாரங்களே இங்கிருந்து வெளியே போகின்றன. ஆகவே இப்பட்டறை ஒரு கடிகாரத்தை இலவசமாகக் கொடுப்பதென்றால், தன் ஆண்டு உழைப்பில் ஏறக்குறைய ஒரு மாதத்தைக் கொடுப்பதாகப் பொருள். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் கடிகாரம் செய்யும் ஒரு நிறுவனம் தன் விளம்பரச் செலவிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பதும் இதுவும் ஒரே வகைக் கொடையாகப் பட்டியலில் அச்சாகின்றன என்றாலும், கொடுப்பவர் மீது விழும் சுமை வேறு.

தனிப்படைப்புகளை ஏலம் விட்டு மருத்துவ ஆய்வுக்குப் பணம் திரட்டும் முறையை உலகறியச் செய்தது 2005-ல் மொனாக்கோவில் தொடங்கிய ‘ஒன்லி வாட்ச்’ ஏலம். டுஷேன் தசைச் சிதைவு நோய் ஆய்வுக்காக, பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்து வரும் ஏலம் அது. அந்நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்குவது. தசைகளுக்குத் தேவையான டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உடலில் உருவாகாததால் வருவது. 2019 நவம்பரில் படேக் ஃபிலிப் நிறுவனம் அந்த ஏலத்துக்குக் கொடுத்த, துருப்பிடிக்காத எஃகு உறை கொண்ட ‘கிராண்ட்மாஸ்டர் சைம்’ 3 கோடியே 10 லட்சம் சுவிஸ் பிராங்குக்குப் போனது; மதிப்பீட்டு விலையோ 25 முதல் 30 லட்சம் பிராங்குதான். அதே மாதிரிக் கடிகாரம் அதற்கு முன் தங்கத்தில் செய்யப்பட்டிருந்தது. எஃகில் இது ஒன்றே என்ற உறுதிமொழிக்கு அந்த விலையில் பெரும்பங்கு உண்டு என்பதைக் கடிகார உலகில் யாரும் மறுக்க மாட்டார்கள்.

எங்கள் நிகழ்வு தொடங்கியது 2023-ன் இறுதியில். அப்போது ‘ஒன்லி வாட்ச்’ பற்றியே எங்கும் பேச்சாக இருந்தது. அதுவரை திரட்டிய நிதி எப்படிக் கையாளப்பட்டது என்ற கேள்விகள் சேகரிப்பாளர்களிடையே எழுந்து, கடிகாரம் கொடுக்க முன்வந்திருந்த நிறுவனங்கள் சில விலகி, நவம்பரில் நடக்கவிருந்த ஏலம் ஒத்திவைக்கப்பட்டிருந்தது. (அந்த ஏலம் பிறகு 2024 மே 10 அன்று ஜெனீவாவில் நடந்து, ஏறத்தாழ 2 கோடியே 83 லட்சம் பிராங்கு திரட்டியது.) இந்தச் சூழலில்தான் அதனோடு தொடர்பில்லாத, அளவில் மிகச் சிறிய மற்றோர் ஏலத்தின் ஏற்பாட்டுக் குழுவிடமிருந்து இப்பட்டறைக்கு அழைப்பு வந்தது. குழந்தைகளைத் தாக்கும் அரிய நோய் ஒன்றின் ஆய்வுக்காக, தனிப்பட்டறைகளின் படைப்புகளை மட்டும் வைத்து, அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் நடத்தத் திட்டமிட்டிருந்தார்கள்.

அழைப்பில் இருந்ததும் இல்லாததும்

கடிதம் ஒரு பக்கம். நோயைப் பற்றி மூன்று பத்திகள், அழைக்கப்பட்ட பிற பட்டறைகளின் பட்டியல், கடிகாரத்தை ஒப்படைக்க வேண்டிய மாதம், அது ‘உலகில் ஒன்றே ஒன்றாக’ இருக்க வேண்டும் என்ற வரி. அவ்வளவே. மூத்தவர் அன்று மாலையே சம்மதம் சொல்லிவிட எண்ணினார். அவருடைய உறவில் அத்தகைய நோய் கண்ட குழந்தை ஒன்று இருந்தது. அவரைப் பொறுத்தவரை மேற்கொண்டு கேட்க எதுவும் இல்லை.

கேள்விகளை எழுப்பியவர் இளையவர். ஒன்றே ஒன்று என்றால் எது ஒன்று: டயலின் நிறமா, உறையின் உலோகமா, உள்ளே ஓடும் இயந்திரமா? வெளியிலிருந்து வேலை செய்து தரும் மூவருக்குக் கூலி யார் தருவது? உலகச் சுற்றுக் கண்காட்சியில் கடிகாரம் பழுதானால் பொறுப்பு யாருடையது? ஏலம் தள்ளிப்போனாலோ நடக்காமலே போனாலோ கடிகாரம் யாருக்குச் சொந்தம்? பணம் எந்தக் கணக்கில் போய் விழுகிறது? இவற்றில் ஒன்றுக்கும் கடிதத்தில் பதில் இல்லை. ஏற்பாட்டுக் குழு எதையும் மறைத்தது என்று நான் நினைக்கவில்லை. பெரிய நிறுவனங்கள் கொடுக்கும் ஏலங்களின் கடிதத்தை மாதிரியாக வைத்து அதை எழுதியிருந்தார்கள். பெரிய நிறுவனங்களுக்குச் சட்டத்துறை, காப்பீடு, தனி நிதி எல்லாம் இருப்பதால் அவை இக்கேள்விகளைக் கேட்பதில்லை.

முதல் முடிவு: எதைச் செய்வது

மூன்று வழிகள் மேசைக்கு வந்தன. முதலாவது, இதுவரை இல்லாத புதிய இயந்திரம் ஒன்றையே வடிவமைத்துச் செய்வது. மூத்தவருக்கு இதில்தான் ஆசை. ஏலப் பட்டியலிலும் அது பெருமையாக இருக்கும். ஆனால் புதிய இயந்திரம் என்பது முதல் சில பிரதிகளில் தன் குறைகளைக் காட்டியே தீரும். விற்பனைக்குச் செய்யும்போது முதல் பிரதியைக் கைவினைஞரே ஓராண்டு கட்டிப் பார்த்து, கண்டதைத் திருத்தி, பிறகுதான் வாடிக்கையாளருக்குக் கொடுப்பார். ஏலத்துக்கு ஒன்றே ஒன்று செய்தால் அந்த முதல் பிரதியே விலைக்குப் போகும். அதன் குறைகளை அனுபவிப்பவர் அறத்துக்காக அதிக விலை கொடுத்தவராக இருப்பார். இந்தக் காரணத்துக்காகவே அவ்வழி கைவிடப்பட்டது.

இரண்டாவது, பட்டறையின் வழக்கமான கடிகாரத்துக்கு வேறு நிறத்தில் டயல் போட்டுக் கொடுப்பது. நேரம் மிச்சம், ஆபத்து இல்லை. ஏலத்துக்கு வரும் தனிப்படைப்புகளில் இவ்வகையும் உண்டு. அது தவறென்று சொல்ல முடியாது என்றாலும், நிறத்தை மட்டும் மாற்றிய கடிகாரத்துக்கு ஏலம் கேட்பவர் கடை விலையை மனத்தில் வைத்தே கேட்பார் என்று இளையவர் சொன்னது சரியான கணிப்பாக எனக்குப் பட்டது.

மூன்றாவது வழியே தேர்வானது. பட்டறை பல ஆண்டுகளாகச் செய்து, குணம் குற்றம் எல்லாம் அறிந்த இயந்திரத்தையே எடுத்துக்கொள்வது. மணிக்கு 18,000 முறை துடிக்கும், கையால் சாவி கொடுக்கும், நொடி முள் தனிச் சிறு வட்டத்தில் ஓடும் இயந்திரம் அது. அதற்கு இதுவரை செய்யாத எஃகு உறை, கோபால்ட் நீலத்தில் எனாமல் டயல், பின்புறக் கண்ணாடி வழியே தெரியும் பித்தளைப் பாலங்களில், அதாவது சக்கரங்களைத் தாங்கிப் பிடிக்கும் தகடுகளில், கைச் செதுக்கல். பட்டறை அதுவரை தங்கத்திலும் பிளாட்டினத்திலும் மட்டுமே உறை செய்து வந்திருந்தது. எஃகு மலிவான உலோகம்தான். ஆனால் தங்கத்தைவிடக் கடினமானது என்பதால் கடையவும் மெருகேற்றவும் உறை செய்பவருக்குக் கூடுதல் உழைப்பு தேவைப்பட்டது.

இரண்டாவது முடிவு: ஒன்றே ஒன்று என்பதை எழுதுவது

இந்த நிகழ்வில் மிக அதிக நேரம் எடுத்த விவாதம் இதுதான். பட்டியலில் ‘தனிப்படைப்பு’ என்று அச்சிட்டுவிட்டால் போதும் என்று ஏல நிறுவனம் கருதியது. ஏலத்தில் பெரும் பணம் கொடுத்து வாங்கியவர், இரண்டு ஆண்டு கழித்து அதே எஃகு உறையில் வேறு நிற டயலோடு ஒரு கடிகாரம் சந்தைக்கு வருவதைக் கண்டால் என்ன நினைப்பார் என்று இளையவர் கேட்டார். மூத்தவரோ மறுமுனைக்குப் போய், இனி இப்பட்டறையிலிருந்து எஃகுக் கடிகாரமே வராது என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார். அது பெருந்தன்மையான வாக்குறுதி. ஆனால் இன்னும் முப்பது ஆண்டு தொழில் செய்யவிருக்கும் இளையவரின் கையைக் கட்டுவது. மூத்தவர் கொடுக்கும் வாக்கை நிறைவேற்றப் போகிறவர் அவரே.

கடைசியில் ஏற்கப்பட்ட வாசகம் இவ்வாறு அமைந்தது: இந்த இயந்திரம் இனி ஒருபோதும் எஃகு உறையில் வைக்கப்பட மாட்டாது, பாலங்களில் உள்ள செதுக்கு வடிவம் எந்த உலோகத்திலும் மறுபடி செய்யப்பட மாட்டாது, நீல எனாமல் என்ற நுட்பத்தையும், எஃகு என்ற உலோகத்தையும் வேறு இயந்திரங்களோடு பயன்படுத்தும் உரிமை பட்டறைக்கு உண்டு, பட்டறை கைமாறினால் அதை வாங்குபவரும் இந்த வாக்குக்குக் கட்டுப்பட்டவர். எது திரும்ப வராது என்பதோடு எது வரலாம் என்பதையும் எழுதியதே இதன் சிறப்பு என்று நினைக்கிறேன். பின்னால் வரக்கூடிய மனத்தாங்கல் பெரும்பாலும் எழுதாமல் விட்ட பாதியிலிருந்துதான் பிறக்கிறது.

மூன்றாவது முடிவு: கொடைக்கு நிபந்தனை

கொடைக்கு நிபந்தனை போடுவது அநாகரிகம் என்று மூத்தவர் முதலில் தயங்கினார். சட்டம் அப்படிக் கருதவில்லை. சுவிஸ் கடப்பாட்டுச் சட்டத்தின் 243-ஆம் பிரிவின்படி கொடை தருவதாகச் சொல்லும் வாக்குறுதி எழுத்தில் இருந்தால்தான் செல்லும். 245-ஆம் பிரிவு கொடையோடு நிபந்தனைகளைச் சேர்க்க இடம் தருகிறது. ஏற்றுக்கொள்ளப்பட்ட நிபந்தனையை நிறைவேற்றும்படி கொடையாளர் கேட்கலாம் என்கிறது அடுத்த பிரிவு. எப்படியும் எழுதித்தான் ஆக வேண்டும் என்றானபின், எழுதும் தாளிலேயே வேண்டியவற்றைச் சேர்ப்பதில் தயக்கம் குறைந்தது.

பட்டறை மூன்று நிபந்தனைகளை வைத்தது. ஏலம் முடிந்த விலை முழுவதும் ஆய்வுக்கான தனிக் கணக்குக்குப் போக வேண்டும். அதாவது கண்காட்சிச் செலவு, விருந்துச் செலவு எதுவும் அதிலிருந்து கழிக்கப்படக் கூடாது. ஏலம் முடிந்து ஓராண்டுக்குள், எவ்வளவு வந்தது, எவ்வளவு யாருக்குக் கொடுக்கப்பட்டது, எவ்வளவு இன்னும் கையில் இருக்கிறது என்று மூன்று வரிகளாவது உள்ள, தணிக்கை செய்யப்பட்ட அறிக்கை கடிகாரம் கொடுத்த அனைவருக்கும் வர வேண்டும். ஏலம் குறித்த தேதியிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் தள்ளிப்போனால் கடிகாரத்தைத் திரும்பப் பெறும் உரிமை பட்டறைக்கு உண்டு. மூன்றாவது நிபந்தனை 2023 நவம்பர் நிகழ்வுகளைப் பார்த்து எழுதப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சிறு பட்டறையின் ஒரு மாத உழைப்பு காலவரையின்றிப் பெட்டகத்தில் உறங்குவதைத் தடுப்பதே நோக்கம்.

ஏற்பாட்டுக் குழு முதலில் இதை அவநம்பிக்கையாக எடுத்துக்கொண்டது. வேறு எவரும் இப்படிக் கேட்கவில்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அழைக்கப்பட்ட மற்ற பட்டறைகளுக்கும் காட்டலாமா என்று இளையவர் மரியாதையாகக் கேட்டார். சில வாரங்களில் முதல் இரண்டு நிபந்தனைகளும் எல்லாக் கொடையாளர்களுக்கும் பொதுவான ஒப்பந்தத்திலேயே சேர்க்கப்பட்டன. மூன்றாவதில் ஆறு மாதம் ஒன்பது மாதமாயிற்று. ஏல நிறுவனம் கொடையாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை என்று ஏற்கெனவே சொல்லியிருந்தது. வாங்குபவரிடம் வசூலிக்கும் கட்டணத்தை இந்த ஏலத்துக்கு மட்டும் குறைத்து, அது அறக்கட்டளைக்குப் போகாது என்பதைப் பட்டியலில் தெளிவாக அச்சிடவும் ஒப்புக்கொண்டது.

வேலை நடந்த மாதங்கள்

உறையும் இயந்திரமும் குறித்த காலத்தில் முடிந்தன. தாமதம் டயலில் வந்தது. எனாமல் என்பது கண்ணாடித் தூள். உலோகத் தகட்டின் மீது அதை மெல்லிய படலமாகப் பரப்பி, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கி, ஆறவைத்து, மறுபடி பரப்பி, மறுபடி சுட வேண்டும். தகடு வளையாமல் இருக்கப் பின்பக்கமும் பூச வேண்டும். ஒவ்வொரு சூட்டிலும் குமிழி, கரும்புள்ளி, விரிசல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வரலாம். எல்லாம் முடிந்து முள் அச்சுக்கான நடுத் துளையைச் சீர்செய்யும்போதுகூட உடையலாம். ஆகவே எனாமல் செய்பவர் எப்போதும் ஒன்றுக்காகப் பல தகடுகளைத் தொடங்குவார்.

இம்முறை பல தகடுகள் கெட்டு, இரண்டு நன்றாக வந்தன. யாரும் எதிர்பாராத கேள்வி அப்போது எழுந்தது: உலகில் ஒன்றே ஒன்றான கடிகாரத்துக்கு இரண்டு டயல் இருக்கலாமா? இரண்டாவதை உடைத்துவிட வேண்டும் என்பது ஏல நிறுவனத்தின் கருத்து. எனாமல் கீழே விழுந்தால் உடையும்; ஐம்பது ஆண்டு கழித்து இக்கடிகாரத்தைப் பழுதுபார்ப்பவருக்கு அந்த இரண்டாவது டயல் விலைமதிப்பற்றதாக இருக்கும் என்பது எனாமல் செய்பவரின் கருத்து. பட்டறையில் வைத்துக்கொள்ளலாம் என்றால், அதை வைத்து இன்னொரு கடிகாரம் செய்தார்களோ என்ற சந்தேகம் எப்போதும் இருக்கும். இறுதியில், இரண்டாவது டயலை முத்திரையிட்ட பெட்டியில் வைத்துக் கடிகாரத்தோடு வாங்குபவரிடமே கொடுத்துவிடுவது என்றும், அப்படி ஒன்று இருப்பதைப் பட்டியலில் அச்சிடுவது என்றும், கெட்டுப்போன தகடுகளைப் படம் எடுத்தபின் அழித்துவிடுவது என்றும் முடிவானது. டயலின் பின்னுள்ள கால்கள் இந்த ஓர் இயந்திரத்துக்கே பொருந்தும் என்பதாலும், இந்த இயந்திரம் வேறெந்த எஃகு உறைக்கும் போகாது என்று எழுதிக் கொடுத்திருப்பதாலும், அதை வேறோரிடத்தில் பயன்படுத்திப் பிரதி உண்டாக்கும் வாய்ப்பு அறவே குறைவு.

கண்காட்சிச் சுற்று

ஏலத்துக்கு முன் கடிகாரங்கள் மூன்று கண்டங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பல நாடுகளின் சுங்கத்தை வரி கட்டாமல் கடந்து திரும்ப ஏடிஏ கார்னே என்ற தற்காலிக இறக்குமதி ஆவணம் பயன்பட்டது. பட்டறை வழக்கமாகப் போடும் முதலைத்தோல் பட்டை கழற்றப்பட்டு, கன்றுத்தோல் பட்டை போடப்பட்டது. முதலைத்தோல் எல்லை கடக்கும்போது, அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின்படி தனி அனுமதி வேண்டும் என்பதும், ஒரு பட்டைக்காகக் கடிகாரமே சுங்கத்தில் நின்றுபோகலாம் என்பதும் தொழிலில் உள்ளவர்கள் அறிந்தவை.

பட்டறை வைத்த இன்னொரு கோரிக்கைதான் பின்னர் கடிகாரத்தைக் காப்பாற்றியது. சுற்று முடிந்து ஏலத்துக்கு முன், கடிகாரம் சில நாட்களாவது பட்டறைக்கு வந்து சோதிக்கப்பட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஏல நிறுவனத்துக்கு அது காப்பீட்டுச் சிக்கல். பெரும் தயக்கத்தோடுதான் ஒப்புக்கொண்டது. வந்த கடிகாரத்தை அளந்தபோது நாளொன்றுக்குப் பல நிமிடங்கள் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. ஊர் விட்டுப் போகும்போது ஆறு கிடைகளிலும் (டயல் மேலே, கீழே, பக்கவாட்டில் என வெவ்வேறு நிலைகளில் வைத்து) அளந்து எழுதி வைத்திருந்த கணக்கோடு ஒப்பிட்டால், அடி பட்டதற்கான அறிகுறி எதுவும் இல்லை. காந்தம் ஏறியிருந்தது. கடிகாரத்தின் துடிப்பை ஒழுங்குபடுத்தும் பேலன்ஸ் சக்கரத்தின் மெல்லிய சுருள்கம்பியில் காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கம்பியின் பயனுள்ள நீளம் குறைந்து கடிகாரம் வேகமாக ஓடும். காட்சிப் பெட்டியின் மூடியில் இருந்த காந்தப் பிடியாலோ, பார்வையாளர்களுக்குக் கடிகாரத்தைக் காட்டிய மேசையில் இருந்த கைக்கணினி உறையாலோ இது நேர்ந்திருக்கலாம். எது என்று உறுதியாகக் கண்டறிய முடியவில்லை. காந்தம் நீக்கும் கருவியில் வைத்து எடுத்தபின் கடிகாரம் பழைய கணக்குக்கே திரும்பியது. பழுது மிகச் சிறியது. ஆனால் அந்த நிலையிலேயே ஏலத்தில் விற்றிருந்தால், வாங்கியவர் கட்டிய முதல் நாளே சரியாக ஓடாத கடிகாரம் என்ற பேச்சு பட்டறையின் மீது ஒட்டியிருக்கும்.

ஏலமும் விலையும்

மதிப்பீட்டு விலை வேண்டுமென்றே பட்டறையின் வழக்கமான கடிகார விலைக்குக் கீழே வைக்கப்பட்டது. குறைந்தபட்ச விலை எதுவும் இல்லை. அறக்கொடை ஏலங்களில் இது வழக்கம். தாழ்ந்த தொடக்கம் பலரைக் கை தூக்க வைக்கிறது. கை தூக்கியவர் இருவர் மனத்தில் இது எனக்கே என்ற எண்ணம் வந்துவிட்டால் பிறகு மதிப்பீட்டுக்கு வேலையில்லை. இக்கடிகாரம் மேல் மதிப்பீட்டைப் போல் பல மடங்குக்குப் போனது. கடைசிவரை போட்டியிட்ட இருவரில் ஒருவர் பட்டறையின் பழைய வாடிக்கையாளர். அவர் இரண்டாவதாக நின்றார்.

மற்ற பட்டறைகளின் படைப்புகளைப் பார்த்தபோது விலைகள் ஒரு சீராக இல்லை. டயல் நிறத்தை மட்டும் மாற்றித் தந்த ஒரு பட்டறையின் கடிகாரம் கடை விலையை ஒட்டியே நின்றது. அதே வகையில் தந்த இன்னொரு பட்டறைக்கு, அதன் காத்திருப்புப் பட்டியல் மிக நீளம் என்பதால், எதிர்பாராத உயரம் கிடைத்தது. புத்தம் புதிய இயந்திரத்தோடு வந்த படைப்பு ஒன்று அன்றைய ஏலத்தின் உச்சங்களில் ஒன்றாக அமைந்தது. ஏலம் முடிந்து சில மாதங்களில் அது பழுதுக்காகப் பட்டறைக்குத் திரும்பி வந்ததாக அதைச் செய்தவரே பின்னர் சொன்னார். வாங்கியவர் பொறுமைசாலி என்பதால் பிரச்சினை வளரவில்லை. விலை என்னவோ அதற்குத்தான் அதிகம். ஆகையால் எங்கள் முதல் முடிவு அதிகப் பணம் திரட்டும் முடிவு என்று என்னால் சொல்ல முடியாது. வாங்குபவருக்கும் பட்டறைக்கும் குறைந்த ஆபத்துள்ள முடிவு என்று மட்டுமே சொல்ல முடியும்.

பின்விளைவுகள்

ஏலம் முடிந்த வாரமே பட்டறைக்குப் புதிய கோரிக்கைகள் குவிந்தன. இரண்டாவதாக நின்ற பழைய வாடிக்கையாளர், அதே இயந்திரம், அதே எஃகு உறை, டயல் மட்டும் பச்சையில் என்று கேட்டு, விலை எதுவானாலும் சம்மதம் என்று எழுதினார். மூத்தவருக்கு நீண்ட நாள் நட்பை முறிக்க மனமில்லை. ஒப்பந்த வாசகத்தின் பிரதியை இணைத்து, இது எங்கள் கையில் இல்லை என்று இளையவர் பதில் எழுதினார். அந்த வாசகம் வெறும் ‘தனிப்படைப்பு’ என்று நின்றிருந்தால் அந்தப் பதில் எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பதை மூத்தவரே பின்னர் ஒப்புக்கொண்டார். புதிதாகக் கேட்டவர்களில் கணிசமானோர் வாங்கி உடனே விற்கும் நோக்கமுள்ளவர்களாகத் தெரிந்ததால், பட்டறை ஓராண்டுக்குப் புதிய பெயர் எதையும் பதிவதில்லை என்று முடிவு செய்தது. கொடையால் தொழில் பெருகும் என்று எதிர்பார்ப்போருக்கு இது ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆண்டுக்குப் பத்துக் கடிகாரம் செய்யும் இடத்தில் தொழில் பெருக இடமே இல்லை.

மனக்கசப்பு வந்தது வேறு திசையிலிருந்து. ஏலக் கடிகாரத்துக்காகத் தள்ளிப்போன கடிகாரத்தின் உரிமையாளர், முன்பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர், தன் முறையில் வேறொருவருக்கு வேலை நடந்ததை ஏலப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். முன்கூட்டியே சொல்லியிருந்தால் மகிழ்ச்சியோடு சம்மதித்திருப்பேன் என்று அவர் எழுதிய கடிதத்தில் நியாயம் இருந்தது. ஒரு வகையில் அந்தக் கொடையில் அவருடைய மாதமும் சேர்ந்திருந்தது, அவரைக் கேட்காமலே.

கணக்கறிக்கை குறித்த காலத்துக்குச் சற்றுத் தாமதமாக, ஆனால் முழுமையாக வந்தது. வந்த தொகையில் ஒரு பகுதி ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. பெரும்பகுதி அடுத்த ஆண்டுகளில் தவணையாகத் தருவதாக ஒப்புக்கொண்டு அறக்கட்டளையின் கணக்கிலேயே இருந்தது. பணம் இன்னும் வங்கியில் கிடக்கிறதே என்று கொடையாளர் ஒருவர் கோபப்பட்டார். மருத்துவ ஆய்வு பல ஆண்டு நீளும் பணி. ஆய்வாளரைப் பணியில் அமர்த்துபவர் அவருடைய மூன்றாம் ஆண்டுச் சம்பளத்துக்கும் உறுதி வைத்திருக்க வேண்டும். ஆகவே கையிருப்பு இருப்பது குற்றம் ஆகாது. அது எதற்காக, எவ்வளவு காலம் என்று அறிக்கையில் எழுதியிருந்ததால் அந்த உரையாடல் ஒரே கூட்டத்தில் முடிந்தது.

மாற்றிக்கொண்டவை

அடுத்த அழைப்புகளுக்காகப் பட்டறை தன் நடைமுறையில் சிலவற்றை மாற்றியிருக்கிறது. சம்மதம் சொல்வதற்கு முன்பே, தாமதத்தால் பாதிக்கப்படக்கூடிய வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதி, அவர்களில் ஒருவர் மறுத்தாலும் வரிசையை மாற்றுவதில்லை என்பது முதலாவது. வெளியில் வேலை செய்து தருபவர்களுக்கு முழுக் கூலியும் பட்டறையே கொடுக்கும் என்பது முன்பும் இருந்தது. ஆனால் ஏலப் பட்டியலில் எனாமல் செய்தவர், உறை செய்தவர், செதுக்கியவர் பெயர்கள் இடம்பெறாமல் போனது மூவருக்கும் வருத்தம் தந்ததால், இனி அந்தப் பெயர்கள் அச்சாவதும் கொடையின் நிபந்தனைகளில் ஒன்று. சுற்றுக் கண்காட்சிக்குப் போகும் கடிகாரத்தோடு, காந்தப் பொருள் அருகில் வரக்கூடாது, யார் எப்போது சாவி கொடுக்கலாம் என்பவற்றைச் சொல்லும் ஒரு தாள் போகும். திரும்பி வந்தபின் சோதனை என்பது கோரிக்கையாக இல்லாமல் ஒப்பந்தத்தின் பகுதியாக இருக்கும். வாங்கியவருக்கு முதல் பழுதுபார்ப்பு இலவசம் என்று இம்முறை வாய்மொழியாகச் சொன்னது இனி எழுத்தில் வரும்.

ஏற்பாட்டுக் குழு மறுபடி அழைத்தபோது, அடுத்த முறைக்குக் கடிகாரம் தருவதில்லை என்று பட்டறை மறுத்துவிட்டது. இரண்டு ஏலங்களுக்கு ஒருமுறை கொடுப்பதே தங்கள் அளவுக்குத் தாங்கும் என்பது இளையவரின் கணக்கு. மூத்தவர் அதற்கு உடன்பட்டார். பதிலாக, அடுத்த ஏலத்துக்கு முதன்முறையாகப் படைப்பு தரும் இரண்டு இளம் பட்டறைகளுக்கு, தாங்கள் எழுதிய ஒப்பந்த வாசகத்தையும் அளவைக் கணக்குத் தாளையும் அனுப்பி வைத்தார்கள். அவர்களில் ஒருவர், எது திரும்பச் செய்யப்படலாம் என்ற பகுதியை நீக்கிவிட்டுத்தான் கையெழுத்திட்டிருக்கிறார்.